மாண்புமிகு அடைப்புக்குப் பாராட்டு விழா

பெரியோர்களே, தாய்மார்களே, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கும் நடுத்தர வர்க்கத்து நண்பர்களே, காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்து வந்திருக்கும் ஏழை எளிய மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

விழா நாயகன் மேடையில்தான் வீற்றிருக்கிறார். கண்ணுக்குத் தெரியவில்லையே என்று முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டுகிறார்கள். எப்படித் தெரியும்? இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயின் அகலமே மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதன் உட்சுவரில் இருபது முப்பது ஆண்டுகளாக ஓசைப்படாமல் படிந்து திரண்ட கொழுப்புத் திட்டு இவர். ஆள் இத்தனூண்டு. ஆனால் இவரைக் காட்டிக் கட்டிய கட்டடங்கள் எத்தனை மாடி! இவரால் அடகுக்கடைக்குப் போன தாலிக்கொடிகள் எத்தனை சவரன்! தலைவர்களுக்கு விழாவுக்கு விழாதான் ஃப்ளெக்ஸ். இவருக்கோ பைபாஸ் சாலை நெடுகிலும், வருடம் முழுக்க ஃப்ளெக்ஸ்: கைகட்டிச் சிரிக்கும் கோட்டுப் போட்ட மருத்துவர், பக்கத்தில் செக்கச்செவேலென்று ஓர் இதயம், கீழே இருபத்துநான்கு மணி நேர எண்.

பொன்னாடை போர்த்துவதற்கு முன் வாழ்க்கை வரலாறு வாசிப்பது மரபு. சுருக்கமாக வாசிக்கிறேன்.

நம் நாயகன் பிறந்தது மனிதன் பிறந்தபோதே. புகழ் பெற்றது 1967-ல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா மருத்துவர், காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, அடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போக இதயத்தில் தைத்தார். பைபாஸை முறையான அறுவையாக உலகுக்குக் கொடுத்தவர் அவர். பத்தாண்டு கழித்து, 1977 செப்டம்பரில், சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் செய்து பழகிய பலூனை ரத்தக்குழாய்க்குள் விட்டு ஊதினார். 1986-ல் அந்த இடம் மறுபடி சுருங்காமலிருக்க ஒரு கம்பிவலை வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். மூன்றும் மனித அறிவின் உச்சம். இதில் கிண்டல் எதுவும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை ஒன்றரை மணி நேரத்துக்குள் மேஜையில் படுக்கவைத்துக் குழாயைத் திறந்து வீட்டுக்கு அனுப்புகிற மருத்துவரின் காலில் விழலாம். நானே விழுவேன்.

நம்மூர்ப் பெருமை ஒன்றும் உண்டு. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை நடந்தது 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். ரயில்வே ஊழியர்களுக்காக அரசு நடத்துகிற ஆஸ்பத்திரி அது. வரவேற்பறையில் பியானோ கிடையாது, காப்பிக்கடை கிடையாது, வாசலில் கார் கதவைத் திறந்துவிட ஆள் கிடையாது. அரசு இடத்தில், அரசுச் சம்பளத்தில், நாட்டின் முதல் பைபாஸ் நடந்தது என்று இன்றைக்கு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். 2023 ஜூனில் அமலாக்கத்துறை கைது செய்த தமிழக அமைச்சர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது நினைவிருக்கும். நடிப்பு என்றது பாதி நாடு. ஓமந்தூரார் அரசு மருத்துவமனை மருத்துவர்கள் ஆஞ்சியோ எடுத்து, மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ் தேவை என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பைபாஸ் நடந்தது தனியார் மருத்துவமனையில், நீதிமன்ற அனுமதியோடு, சொந்தச் செலவில். அரசு ஆஸ்பத்திரியின் கண் மேல் அமைச்சருக்கு நம்பிக்கை இருந்தது. கை மேல் இல்லை. அந்த அரசில் அவரும் ஓர் அங்கமாக இருந்தார் என்பதை இந்த மேடையில் யாரும் குறிப்பிட வேண்டாம்.

இனி நாயகனின் சாதனைகள்.

சாதனைகளில் தலையாயது, பத்து நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பைக் கரைப்பது. நெஞ்சுவலியே இல்லாத ஒருவர், அலுவலகம் கொடுத்த கூப்பனில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போகிறார். டிரெட்மில்லில் ஏதோ கோடு வளைந்திருக்கிறது. ‘சும்மா ஒரு ஆஞ்சியோ எடுத்துப் பாத்துடலாமே.’ மணிக்கட்டு வழியாகக் கம்பி உள்ளே போகிறது. கம்பி விடுகிற அறையான கேத் லேபின் கதவு பாதி திறக்கிறது. முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு ஓர் இளைஞர் வந்து மகனைக் கூப்பிடுகிறார். ‘ரெண்டு பிளாக் இருக்கு சார். ஒண்ணு எண்பது பர்சன்ட். அப்பா மேஜையிலதான் இருக்காரு. இப்பவே வச்சிடலாமா? இல்ல, வெளிய எடுத்துட்டு இன்னொரு தடவை வந்து பண்ணிக்கிறீங்களா? பத்து நிமிஷத்துல சொல்லிடுங்க. நெஞ்சுக்குள்ள டைம் பாம் மாதிரி, எப்ப வேணாலும்...’ வாக்கியத்தை முடிக்க மாட்டார். முடிக்காத வாக்கியத்துக்குத்தான் விலை. அடுத்த கேள்வி அதைவிட அழகு: ‘ஸ்டென்ட் இந்தியனா, இம்போர்ட்டடா?’ பெற்ற அப்பாவுக்கு மட்டமானதை வை என்று எந்த மகன் சொல்வான்? கையெழுத்துப் போடுகிறான். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம். படிக்க நேரமில்லை, குண்டு வெடித்துவிடுமே!

அந்த எண்பது சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. திரையில் நிழலைப் பார்த்துக் கண்ணால் சொன்ன கணக்கு அது. கண் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்லும் என்று இதய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ரத்தம் உண்மையிலேயே தடைபடுகிறதா என்று குழாய்க்குள் அழுத்தமானிக் கம்பியை விட்டு அளக்கலாம், எஃப்எஃப்ஆர் என்பார்கள். அளந்தால் சில எண்பதுகள் அடிபட்டுப் போகும். எண்பது அடிபட்டால் ஸ்டென்ட் அடிபடும். கேத் லேப் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டுவது யார்?

நாயகனின் அடுத்த சாதனை தத்துவத் துறையில். இதயத்தைச் சமையலறைக் குழாயாக்கினார். அடைத்துக்கொண்டது, குத்திவிட்டால் தண்ணீர் போகும் – இவ்வளவுதான் தத்துவம். வீட்டில் பிளம்பர் வந்து போனவருக்கெல்லாம் இது புரியும். புரிவதுதான் ஆபத்து. ஏனென்றால் மாரடைப்பு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. பல நேரங்களில் குழாயை முழுதும் மறைக்காமல், வலியே தராமல் கிடந்த ஒரு மென்மையான கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி நிமிடங்களில் வழியை மூடுகிறது. எது வெடிக்கும் என்று ஆஞ்சியோ படம் சொல்லாது. படத்தில் பெரிதாகத் தெரிகிற பழைய, கெட்டிப்பட்ட அடைப்பு பல ஆண்டு அப்படியே கிடக்கலாம். ஆக ஒரு மேட்டை அழுத்தி வலை வைப்பது அந்த ஓர் இடத்துக்கான வைத்தியம். உடம்பெங்கும் ஓடுகிற நோய்க்கு வைத்தியம் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது. இவற்றில் எதற்கும் பேக்கேஜ் கிடையாது. பீடியை விட்டவருக்கு எந்த மருத்துவமனையும் டீலக்ஸ் அறை கொடுத்ததில்லை.

இந்த இடத்தில், நாயகன் மனம் புண்பட்டாலும், எதிர்க்கட்சிக்கும் நேரம் தருவது ஜனநாயக மரபு. நாயகனுக்கு எதிராக வெளிநாடுகளில் சில சூழ்ச்சிகள் நடந்தன.

முதல் சூழ்ச்சி 2007-ல். கரேஜ் என்ற ஆய்வு. மாரடைப்போடு வராத, நாள்பட்ட அடைப்புள்ள 2,287 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்ட், மறுபாதிக்கு நல்ல மருந்து மட்டும். சாவிலும் மாரடைப்பிலும் இரு பாதிக்கும் வித்தியாசமில்லை. நாயகன் சிரித்துக்கொண்டார். அடுத்தது 2017-ல் லண்டனில், ரஷா அல்-லாமி என்ற பெண் மருத்துவர் தலைமையில். இது கொஞ்சம் குரூரம். 200 பேரைக் கேத் லேபுக்குக் கொண்டுபோய், காதில் பாட்டை மாட்டி, மயக்கி, பாதிப் பேருக்கு மட்டும் உண்மையில் ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வைத்தது போல் ஒரு நாடகம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. எல்லாருக்கும் மருந்து ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டால், வலை வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. 2020-ல் இஸ்கீமியா ஆய்வு வந்தது: 37 நாடுகள், 5,179 பேர். சாவையும் மாரடைப்பையும் பொறுத்தவரை அதே முடிவு.

நாணயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். வலிக்கான மருந்தை நிறுத்திவிட்டு ஒப்பிட்டால் ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது என்று அதே லண்டன் குழு 2023-ல் காட்டியது. மருந்துக்கு அடங்காத வலிக்கு அது நல்ல வைத்தியம். மாரடைப்பின் போது அது உயிர். இடது பக்கத் தலைக்குழாய் அடைத்தவருக்கும், மூன்று குழாயும் அடைத்து இதயம் தளர்ந்தவருக்கும் பைபாஸ் ஆயுளைக் கூட்டும். பல குழாய் அடைத்த சர்க்கரை நோயாளிக்கு ஸ்டென்டைவிட பைபாஸே மேல் என்று 2012-ல் ஃப்ரீடம் ஆய்வு 1,900 பேரை வைத்துச் சொல்லிவிட்டது. சர்க்கரை நோயாளிக்கு நம் தெருவில் பஞ்சமா? இருந்தும் அவருக்கு மூன்று ஸ்டென்ட் வரிசையாக வைக்கப்படுவதைப் பார்க்கிறோம். காரணம் எளிது. பைபாஸ் என்றால் ஆள் அறுவை மருத்துவரிடம் போய்விடுவார். மேஜையில் படுத்திருக்கிற வாடிக்கையாளரை எழுப்பிப் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிற வியாபாரியை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? ஆக, தேவையில்லாதவருக்கு வலை, அறுவை தேவைப்படுகிறவருக்கும் வலை. மீன் தப்பினால்தான் ஆச்சரியம்.

ஓர் அறிவிப்பு. வாசலை அடைத்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் உடனே வண்டியை எடுக்கவும். 108 உள்ளே வர முடியவில்லை. உள்ளே இருப்பவருக்கு உண்மையான மாரடைப்பாம். அவரிடம் எந்த அட்டையும் இல்லை என்று தெரிகிறது. அதனால் அவசரப்பட வேண்டியதில்லை என்று விழாக் குழு சொல்கிறது.

தொடர்வோம். நாயகன் வாழ்வில் கண்ணீர் சிந்திய ஒரே நாளைச் சொல்லாமல் வரலாறு முழுமை பெறாது. 2017 பிப்ரவரி. அதுவரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலே கறந்துகொண்டிருந்தார்கள். டெல்லியில் ஒரு வழக்கறிஞர், தெரிந்தவருக்கு வைத்த ஸ்டென்டுக்கு ஒழுங்கான பில் ஏன் இல்லை என்று கேட்டு நீதிமன்றம் போனார். தேசிய மருந்து விலை ஆணையம் கணக்கைக் கிளறியது. மருத்துவமனைகள் ஸ்டென்டில் வைக்கிற லாபம் 654 சதவீதம் வரை என்று வெளியே வந்தது. அதன்பின் உச்சவரம்பு: வெறும் உலோக வலைக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். ஒரே இரவில்.

அன்றைக்கு அழுத அழுகை! தரமான ஸ்டென்ட் இனி இந்தியாவுக்கு வராது, நோயாளிகள் பாதிக்கப்படுவார்கள், ஆராய்ச்சி செத்துவிடும் என்று நோயாளிக்காக உருகினார்கள். முந்தின நாள்வரை அதே நோயாளியிடம் 654 சதவீதம் உருவியவர்கள். தொண்ணூறுகளிலேயே அப்துல் கலாமும் ஹைதராபாத் இதய மருத்துவர் சோம ராஜுவும் சேர்ந்து விலை குறைந்த ஸ்டென்டைச் செய்து காட்டினார்கள். கலாமின் படத்தைப் பல மருத்துவமனைகள் வரவேற்பறையில் மாட்டியிருக்கின்றன. ஸ்டென்டை மட்டும் மாட்டவில்லை. ஆனால் அழுகை நீடிக்கவில்லை. ஸ்டென்டில் குறைந்த பணம் கேத் லேப் கட்டணமாக, பலூனாக, கம்பியாக, ‘இதர பொருட்களாக’ பில்லின் வேறு வரிகளில் ஏறிக்கொண்டது. மறுவருடம் அதே ஆணையம் டெல்லி வட்டாரத்தின் நான்கு பெரிய மருத்துவமனைகளின் பில்களைப் பிரித்துப் பார்த்தது. மருந்திலும் ஊசி, குழாய் போன்ற சில்லறைச் சாமான்களிலும் லாபம் 1,737 சதவீதம் வரை. வலையின் விலையைக் கட்டினால் ஊசியின் விலை ஏறும். நாயகன் மீண்டும் சிரிக்கத் தொடங்கினார்.

இப்போது வாழ்த்துச் செய்தி. கலிஃபோர்னியாவிலிருந்து, ரெடிங் என்ற ஊர். அங்கே ஒரு பாதிரியாரிடம், உடனே பைபாஸ் செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்கள். அவர் வேறு ஊரில் காட்டினார். இதயத்தில் ஒன்றுமே இல்லை என்றார்கள். பாதிரியார் எஃப்பிஐயிடம் போனார். 2002 அக்டோபரில் மருத்துவமனைக்குள் சோதனை. தேவையில்லாமல் நெஞ்சைப் பிளந்ததாக எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையை நடத்திய நிறுவனம் அரசுக்கு 5 கோடியே 40 லட்சம் டாலரும், நோயாளிகளுக்கு 39 கோடியே 50 லட்சம் டாலரும் கட்டியது. சிறைக்கு யாரும் போகவில்லை. நம் நாயகன் வெள்ளைக்காரனையும் விட்டுவைக்கவில்லை என்பதில் நமக்கெல்லாம் ஒரு தேசிய ஆறுதல்.

நாயகனின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு. பெயர் வால்வு. மேடைக்கு அவளை அழைக்கவில்லை. ஃப்ளெக்ஸிலும் படம் இல்லை. ஏழை உறவை எந்த விழாவில் முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறோம்?

வால்வு கெடுவது பெரும்பாலும் இரண்டு வகை. வயதானவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து மகாதமனி வால்வு இறுகுவது ஒன்று. அதற்கு இப்போது நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே புது வால்வு வைக்கிறார்கள். 2002-ல் பிரான்ஸில் அலென் கிரிபியே தொடங்கிய முறை. இந்தியாவில் செலவு பல லட்சம். ஆகவே இந்த வகைக்கு மட்டும் மேடையில் ஒரு நாற்காலி போடலாமா என்று பரிசீலனையில் இருக்கிறது.

மற்ற வகைதான் நம் நாட்டுச் சொத்து. ஓலைக் குடிசையிலும் ஒற்றை அறையிலும் நெருக்கியடித்துப் படுக்கிற பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி. சரியாகக் கவனிக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டுவீக்கத்தோடு ருமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை, ஆள் தெரியாமல் இதய வால்வை அடிக்கும். அடுத்தடுத்து வந்தால் வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கும். அப்படி வளர்ந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளை வந்து, ஐந்தாம் மாதத்தில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும்போதுதான் வால்வு சுருங்கியது தெரியவரும். அப்போது மாமியார் கேட்பது வால்வைப் பற்றி அல்ல. ‘இதை மறைச்சுத்தானே கட்டிவச்சீங்க?’

இதைத் தடுக்க மருந்து இருக்கிறது. பென்சாதின் பெனிசிலின். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருடக்கணக்கில். ஓர் ஊசியின் விலை ஒரு சினிமா டிக்கெட் அளவு வராது. அதுதான் அதன் குற்றம். லாபமில்லாததால் உலகில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுகிற ஆலைகளே அதன் மூலப்பொருளைச் செய்கின்றன. தட்டுப்பாடு வந்து வந்து போகிறது. பத்து மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினாலும் கிடைக்காத ஊர்கள் உண்டு. அலர்ஜி வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று போடத் தயங்குகிற கிளினிக்குகளும் உண்டு. பணக்கார நாடுகள் இந்த நோயை ஏறக்குறைய மறந்தே விட்டன. வீடு பெரிதானது, நெரிசல் குறைந்தது, பெனிசிலின் கிடைத்தது. 2018-ல் உலகச் சுகாதார மாநாடு இதற்கென்று தனித் தீர்மானமே போட்டது. தீர்மானத்தை ஊசியில் ஏற்றிப் போட முடிந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

ஊசி போடாமல் விட்ட பிள்ளை பிறகு வால்வு மாற்ற வருவாள். உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டி அடைக்கும். மாதாமாதம் பரிசோதனைக்கு நகரத்துக்குப் பேருந்து. அந்த மாத்திரையோடு கர்ப்பம் தரிப்பது தனிக் கண்டம். திசு வால்வு வைத்தால் மாத்திரைத் தொல்லை குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்து, நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும். இருபத்துமூன்று வயதுப் பெண் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில ரூபாய் ஊசியை மிச்சம் பிடித்த நாடு அவளுக்குக் கொடுக்கிற சுதந்திரம் அது.

இந்தத் துறையிலும் பெரியவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழு, வெளிநாட்டு வால்வுக்குக் கையேந்தாமல், பல ஆண்டு தோற்றுத் தோற்று ஓர் இந்திய வால்வைச் செய்தது. 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். அதன்பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளில் சித்ரா வால்வு ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருக்கிறது. தயாரிப்பது சென்னையின் டிடிகே குழுமம். பிரெஸ்டீஜ் குக்கர் விற்பதும் அவர்களே. தோற்றதை ஒளிக்காமல் திருத்திய அந்த ஆய்வகத்துக்கு நேர் எதிரான கதையும் உண்டு. அமெரிக்காவில் ஃபைசரின் துணை நிறுவனமான ஷைலி, 1979 முதல் 1986 வரை விற்ற பியோர்க்-ஷைலி வால்வு ரகம் ஒன்றில் கம்பி ஒட்டு விட்டுப்போய் வட்டு கழன்று விழுந்தது. அந்த ரகம் பொருத்தப்பட்டவர்கள் சுமார் 86,000 பேர். செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஆலைக்குள் விரிசலைச் சரிசெய்ததாகப் பதிவேட்டில் இருந்தது, செய்யவில்லை. சில பதிவுகளில் இருந்த பணியாளர் எண், வேலையை விட்டு எப்போதோ போய்விட்டவருடையது. நெஞ்சுக்குள் இருக்கிற பொருளை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்க வருவதில்லை என்பது இந்த வியாபாரத்தின் தனி வசதி.

அரசையும் பாராட்ட வேண்டும். 2009-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும், பிறகு வந்த ஆயுஷ்மான் பாரதும் ஏழைக்குத் தனியார் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டன. அதனால் பிழைத்தவர்கள் ஆயிரமாயிரம். அவர்கள் வாழ்க. ஆனால் கதவு திறந்தால் இரு பக்கமும் நடமாட்டம் இருக்கும். குஜராத் மெஹ்சானா மாவட்டத்தில் போரிசணா என்றொரு கிராமம். 2024 நவம்பரில் அங்கே அகமதாபாத் தனியார் மருத்துவமனை ஒன்று இலவச முகாம் போட்டது. 19 பேரைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஏழு பேருக்கு ஸ்டென்ட். இருவர் செத்தார்கள். எங்களுக்குத் தகவலே சொல்லவில்லை, சம்மதமே கேட்கவில்லை என்றார்கள் குடும்பத்தார். அட்டையிலிருந்து பணம் மட்டும் கேட்கப்பட்டிருந்தது. காவல்துறை வழக்குப் போட்டது, கைது செய்தது.

இந்த இடத்தில் எனக்கு மேடைப்பேச்சு வரவில்லை. கிராமத்து ஆட்களைத் திருவிழாவுக்கு அழைப்பது போல் பேருந்தில் ஏற்றி, அட்டையை வாங்கி, கம்பியை விட்டு... அவர்களுக்கு அடைப்பு இருந்ததோ இல்லையோ, அட்டை இருந்தது. ஆஞ்சியோவில் முதலில் தெரிவது அதுதான். ஏழையின் நெஞ்சுக்குள் அரசு ஐந்து லட்சம் ரூபாயை வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கமிஷன் ஏஜென்டிடம் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? இதே பணத்தில் எத்தனை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கேத் லேப் போட்டு, சம்பளத்துக்கு மருத்துவரை வைத்து, ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவருக்கு அதே சம்பளம் என்று ஆக்கியிருக்கலாம்! தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரையை உடனே விழுங்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற திட்டம் 2023-ல் வந்தது. இதயம் காப்போம் திட்டம். சில பத்து ரூபாய் மாத்திரை, உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. யாராவது அதற்கு ஃப்ளெக்ஸ் பார்த்தீர்களா?

விழாவுக்கு வர இயலாதவர்கள் பட்டியலில் முதல் பெயர் ரெனே ஃபவலோரோ. கிளீவ்லாந்தில் கோடிகளைப் பார்த்திருக்கக்கூடியவர் 1971-ல் அர்ஜென்டினாவுக்குத் திரும்பினார். ஏழைக்கும் அறுவை கிடைக்க ஓர் அறக்கட்டளை நடத்தினார். அரசு நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை. நோயாளியை அனுப்பிவைக்கிற மருத்துவருக்கு ‘கட்’ கொடுக்கிற வழக்கம் அங்கேயும் உண்டு, கொடுத்திருந்தால் படுக்கைகள் நிரம்பியிருக்கும், அவர் கொடுக்கவில்லை. கடன் ஏறியது. நாட்டின் அதிபர்வரை கடிதம் எழுதினார். தன் நாட்டில் தானே பிச்சைக்காரனாகிவிட்டதாகச் சொன்னார். 2000 ஜூலை 29 அன்று, எழுபத்தேழு வயதில், தன் நெஞ்சில் தானே சுட்டுக்கொண்டார். பைபாஸை உலகுக்குக் கொடுத்தவரைக் கமிஷன் கொன்றது. அந்தக் கமிஷன் இன்று இந்த மேடையில் சிறப்பு விருந்தினர். எழுந்து கும்பிடுகிறார், பாருங்கள்.

இறுதியாக, அரங்கின் ஒழுங்கு கருதி விழாக் குழு சில கேள்விகளைத் தடை செய்திருக்கிறது. இது மாரடைப்பா, இல்லை நாள்பட்ட வலியா என்று கேட்கக் கூடாது. நாள்பட்ட வலி என்றால் மூன்று மாதம் மாத்திரையில் பார்க்கலாமா என்று கேட்கக் கூடாது. அளந்து பார்த்தீர்களா, கண்ணால் சொல்கிறீர்களா என்று கேட்பது ஒழுங்கீனம். ஸ்டென்டா பைபாஸா என்று இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்களா என்பது மருத்துவமனையின் குடும்ப விஷயம். அப்பாவை மேஜையிலிருந்து எழுப்புங்கள், ஆஞ்சியோ சிடியைக் கொடுங்கள், இன்னொருவரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்கிற மகனை நன்றி கெட்டவன் என்று அழைக்க வரவேற்பறைப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரைப் பில்லோடு கேட்பவர்கள் பெயர் குறித்துக்கொள்ளப்படும். வால்வு நோயாளிக்குப் பெனிசிலின் ஊசி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு மேடையில் இருப்பவர்களுக்கே விடை தெரியாது. அதைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மீறிக் கேட்பவர்களைக் காவலர்கள் மரியாதையாக வெளியே அழைத்துச் செல்வார்கள். வெளியே போக ஒரே வழிதான் இருக்கிறது, பார்மசி வழியாக. பில் கவுண்டர் இடது பக்கம்.